206 எலும்பு... மனப்பாடம் வேண்டாம், தொட்டுப் பாருங்க! மதுரையில் இருந்து கீழடி வரை ஒரு எலும்புப் பாடம்

எனக்கு முதன்முதலில் பெயர் தெரிந்த எலும்பு, நான் உடைத்துக்கொண்ட எலும்புதான். தெப்பக்குளம் பக்கம் மழை ஈரத்தில் பைக் வழுக்கியது. பெரிய ஸ்பீடு எல்லாம் இல்லை. தோள்பட்டை தரையில் மோதியது, அவ்வளவுதான். எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், "காரை எலும்பு விட்டுப்போச்சு தம்பி" என்றார். "அது எங்க சார் இருக்கு?" என்றுதான் நான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கழுத்துக்குக் கீழே, நெஞ்சில் இருந்து தோள்பட்டை வரை குறுக்கே ஓடும் எலும்பைத் தன் உடம்பில் தொட்டுக் காட்டினார்.

கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் யோசித்தேன். போனில் எத்தனை ஆப் இருக்கு என்று தெரியும். உடம்புக்குள் இருக்கும் 206 எலும்பில் ஒன்றின் பெயர்கூட ஒழுங்காகத் தெரியாது. சரி, படிச்சுத்தான் பார்ப்போமே என்று ஆரம்பித்தேன். படித்தபோது புரிந்தது: எலும்பைப் பட்டியலாகப் படித்தால் ரெண்டு நாளில் மறந்துபோகும். தொட்டுத் தொட்டுப் படித்தால் ஆயுசுக்கும் மறக்காது. நீட் படிக்கிறவங்க, நர்சிங், பிசியோதெரபி படிக்கிறவங்க, ஜிம்முக்குப் போறவங்க, சும்மா தெரிஞ்சுக்க நினைக்கிறவங்க... எல்லோரும் கூட வரலாம். தேவை உங்கள் உடம்பு மட்டும்தான்.

முதலில் கணக்கு: 80 + 126

பிறக்கும்போது குழந்தைக்குச் சுமார் 300 எலும்புத் துண்டுகள் இருக்கும். பல இடங்களில் அது குருத்தெலும்பாகத்தான் இருக்கும். வளர வளர ஒன்றோடு ஒன்று சேர்ந்து, பெரியவர்களானதும் 206 ஆகிவிடும். சிலருக்கு ஒன்றிரண்டு கூடவோ குறையவோ இருப்பதும் உண்டு.

இந்த 206-ஐ இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உடம்பின் நடு அச்சில் இருப்பவை 80. அந்த அச்சில் தொங்கும் கை, கால்களில் இருப்பவை 126.

நடு அச்சின் 80 இப்படி: மண்டையோட்டில் 22, இரண்டு காதுகளுக்குள் 6, தொண்டையில் 1, முதுகெலும்பில் 26, விலா எலும்புகள் 24, நெஞ்சின் நடுவில் 1.

கை கால் கணக்கு: தோள்பட்டையையும் சேர்த்து ஒரு கைக்கு 32, இரண்டுக்கும் 64. இடுப்பெலும்பையும் சேர்த்து ஒரு காலுக்கு 31, இரண்டுக்கும் 62.

இதில் ஒரு ஆச்சர்யம் இருக்கு. ஒரு உள்ளங்கை, விரல்கள், மணிக்கட்டு சேர்த்து 27 எலும்பு. ஒரு பாதத்தில் 26. ரெண்டு கை, ரெண்டு பாதம் என்று கூட்டினால் 106. அதாவது உடம்பில் இருக்கும் எலும்புகளில் பாதிக்கு மேல், மணிக்கட்டுக்கும் கணுக்காலுக்கும் கீழேதான் இருக்கு. கையும் காலும் தெரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

தலை: காதுக்குப் பின்னால் ஒரு மேடு

மண்டையோடு ஒரே எலும்பு இல்லை. மூளையைக் காக்க 8, முகத்துக்கு 14. இதில் நீங்கள் அசைக்க முடிந்த எலும்பு ஒன்றே ஒன்றுதான், கீழ்த்தாடை. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். தாடை மூட்டு நகர்வது தெரியும்.

இப்போது காதுமடலுக்குப் பின்னால், கீழே பார்த்தபடி இருக்கும் எலும்பு மேட்டைத் தொடுங்கள். அப்படியே புருவத்துக்கு மேலேயும் தடவிப் பாருங்கள். இந்த இரண்டு இடங்களையும் நினைவில் வையுங்கள். கீழடி பக்கம் போகும்போது தேவைப்படும்.

காதுக்குள் சுத்தி, பட்டடை, அங்கவடி வடிவத்தில் மூன்று எலும்புகள். அங்கவடி எலும்புதான் உடம்பிலேயே சிறியது, சுமார் 3 மில்லிமீட்டர். ஒரு அரிசியைவிடச் சின்னது. தொண்டையில் இருக்கும் நாவடி எலும்பு இன்னும் விநோதம். வேறு எந்த எலும்போடும் மூட்டுப் போடாமல், தசைகளில் தொங்கிக்கொண்டிருக்கும். கழுத்து நெரிக்கப்பட்டதாகச் சந்தேகம் வந்தால், போஸ்ட்மார்ட்டத்தில் டாக்டர்கள் இது உடைந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

முதுகு: ஏழு மணி இட்லி, அஞ்சு மணி ஜிகர்தண்டா

முதுகெலும்பில் கழுத்துப் பகுதியில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5. மறக்காமல் இருக்க மதுரைக் கணக்கு: காலை 7 மணிக்கு இட்லி, 12 மணிக்குச் சாப்பாடு, 5 மணிக்கு ஜிகர்தண்டா. அதற்குக் கீழே ஐந்து எலும்புகள் ஒன்றாகச் சேர்ந்த திருவெலும்பு 1, கடைசியில் வால் எலும்பு 1. மொத்தம் 26.

தலையைக் குனிந்து பின்கழுத்தைத் தடவுங்கள். கழுத்து முடியும் இடத்தில் ஒரு முடிச்சு துருத்திக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் அது ஏழாவது கழுத்தெலும்பு. நீள்கழுத்து ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் இதே ஏழுதான், சைஸ்தான் பெரிது.

நெஞ்சு: விலாவை எங்கிருந்து எண்ணுவது?

விலா எலும்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் 12 ஜோடிதான். ஆணுக்கு ஒன்று குறைவு என்பது கதை. மேலே உள்ள 7 ஜோடிகள் நேராக மார்பெலும்பில் சேரும். அடுத்த 3 ஜோடிகள் மேலே உள்ள விலாவின் குருத்தெலும்பில் போய் ஒட்டிக்கொள்ளும். கடைசி 2 ஜோடிகளின் முன்முனை எதிலும் சேராது.

டாக்டர் விலாவை எப்படி எண்ணுகிறார் தெரியுமா? கழுத்துக் குழியில் இருந்து விரலைக் கீழே நகர்த்துங்கள். நாலைந்து சென்டிமீட்டரில் மார்பெலும்பின் குறுக்கே ஒரு மேடு தட்டுப்படும். அதற்கு நேர் பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலா. முதல் விலா காரை எலும்புக்கு அடியில் ஒளிந்திருப்பதால், எண்ணுவதை இரண்டில் இருந்துதான் தொடங்குவார்கள்.

கை: சாமி லட்டு தர்றாரு

தோளில் முன்பக்கம் காரை எலும்பு, பின்பக்கம் தோள்பட்டை எலும்பு. அதற்குக் கீழே மேற்கை எலும்பு. முழங்கைக்குக் கீழே இரண்டு: கட்டைவிரல் பக்கம் ஆர எலும்பு, சுண்டுவிரல் பக்கம் அல்னா. முழங்கையில் டேபிளில் ஊன்றும் கூர்மையான முனை அல்னாவுடையது. அங்கே இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி இருக்குமே, அதற்குக் காரணம் எலும்பு இல்லை. பக்கத்திலேயே தோலுக்கு அடியில் ஓடும் ஒரு நரம்பு.

அடுத்து எல்லா மாணவர்களையும் மிரட்டும் மணிக்கட்டு. கூழாங்கல் மாதிரி எட்டு எலும்புகள், இரண்டு வரிசை. கட்டைவிரல் பக்கத்தில் இருந்து முதல் வரிசை: ஸ்கேபாய்டு, லூனேட், ட்ரைக்விட்ரல், பிசிபார்ம். மறுபடி கட்டைவிரலில் இருந்து இரண்டாம் வரிசை: ட்ரெபீசியம், ட்ரெபிசாய்டு, கேபிடேட், ஹேமேட். இதற்கு ஆங்கிலத்தில் நிறைய வாசகங்கள் உண்டு. மீனாட்சி கோயில் பிரசாதத்தை நினைத்து நான் கட்டிக்கொண்டது இது:

"சாமி லட்டு தர்றாரு, போய் தட்டைத் தூக்கிக் காட்டு ஹரி!"

எட்டு வார்த்தை, எட்டு எலும்பு. முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டே போனால் வரிசை வந்துவிடும்.

இந்த எட்டில் ஸ்கேபாய்டை மட்டும் நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டைவிரலை நன்றாக மேலே தூக்கினால், அதன் அடியில் மணிக்கட்டுப் பக்கம் ஒரு சின்னப் பள்ளம் விழும். அந்தக் காலத்தில் அதில் மூக்குப்பொடியை வைத்து உறிஞ்சுவார்களாம். மருத்துவப் புத்தகத்திலும் அதற்கு மூக்குப்பொடி டப்பா என்ற அர்த்தத்தில்தான் பெயர். பள்ளத்தின் அடியில் இருப்பது ஸ்கேபாய்டு. பைக்கில் இருந்தோ கிரிக்கெட்டிலோ விழும்போது கையை ஊன்றினால் அடி வாங்கும் எலும்பு. முதல் நாள் எக்ஸ்-ரேயில் விரிசல் தெரியாமலே போகலாம். "சும்மா சுளுக்குதான்" என்று விட்டுவிட்டால், ரத்த ஓட்டம் குறைவான எலும்பு என்பதால் ஒட்டாமல் போகலாம், ஒரு பகுதி செத்தும் போகலாம். கையை ஊன்றி விழுந்த பிறகு அந்தப் பள்ளத்தில் அழுத்தினால் வலிக்கிறதா? உடனே எலும்பு டாக்டரைப் பாருங்கள். அவர் பத்துப் பதினாலு நாள் கழித்து மறுபடி எக்ஸ்-ரே எடுக்கச் சொன்னால், காசு பிடுங்குகிறார் என்று நினைக்காதீர்கள்.

கால்: உயரத்தில் கால்வாசி

இடுப்பில் இருந்து முழங்கால் வரை இருக்கும் தொடை எலும்புதான் உடம்பிலேயே நீளமானது. உங்கள் உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு. வலுவானதும்கூட. அதனால் அது உடைகிறது என்றால் மோதல் அவ்வளவு பெரியது என்று அர்த்தம். வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலே, தொடைக்குள் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் கசியலாம். விபத்தில் சிக்கியவரைத் தூக்கி உட்காரவைத்து சோடா கொடுக்காமல், காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடச் சொல்வது இதனால்தான்.

முழங்காலில் முட்டிச் சில்லு. பிறந்த குழந்தைக்கு அது வெறும் குருத்தெலும்பு. எலும்பாக மாற மூன்று வயதுக்கு மேல் ஆகும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தடவினால் கூராகத் தெரிவது டிபியா. கட்டிலில் இடித்துக்கொண்டு கத்துவோமே, அதே இடம். பக்கவாட்டில் ஒல்லியாக ஓடுவது பிபுலா. கணுக்காலில் உள்பக்க முட்டு டிபியாவின் முனை, வெளிப்பக்க முட்டு பிபுலாவின் முனை. கணுக்கால் தனி எலும்பு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்!

கறிக்கடையும் வகுப்பறைதான்

மதுரைக்காரர்களுக்கு எலும்புப் பாடம் ஏற்கெனவே பாதி தெரியும், பெயர்தான் வேறு. சாப்ஸ் என்று வாங்குவது விலா எலும்பு. ஆட்டுக்கு அது 13 ஜோடி. நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சுகிறோமே, அது கால் எலும்பின் நடுவில் இருக்கும் மஜ்ஜை. நமக்கும் எலும்புக்குள் மஜ்ஜை உண்டு. ரத்த அணுக்கள் உற்பத்தியாவது அங்கேதான். பெரியவர்களுக்கு அந்த வேலை பெரும்பாலும் இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு போன்ற இடங்களில் நடக்கும். கை கால்களின் நீள எலும்புக்குள் பெரும்பகுதி கொழுப்பாக மாறிவிடும்.

ஆட்டின் முன்னங்காலில் நாம் முட்டி என்று சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே நீளமாக இருப்பது, நம் உள்ளங்கையில் இருக்கும் எலும்புகளில் இரண்டு ஒன்றாகச் சேர்ந்தது. அதாவது ஆடு விரல் நுனியில் நடக்கிறது. அடுத்த முறை கால் சூப் குடிக்கும்போது கவனியுங்கள்.

டாக்டர்கள் எப்படிப் படிக்கிறாங்க?

1954-ல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியானாலும் சரி, வேறு எந்தக் கல்லூரியானாலும் சரி, முதலாம் ஆண்டில் உடற்கூறியல் உண்டு. எலும்பைக் கையில் கொடுத்து, "இது வலதா, இடதா?" என்பதுதான் வாய்மொழித் தேர்வின் முதல் கேள்வியாக இருக்கும். காரை எலும்பு என்றால் உருண்டையான முனை நெஞ்சுப் பக்கம், தட்டையான முனை தோள் பக்கம், நெஞ்சை ஒட்டிய வளைவு முன்னால் பிதுங்கி நிற்க வேண்டும். இப்படிப் பிடித்துப் பார்ப்பது பக்கம் கண்டுபிடிக்க உதவும். பெயரைச் சொல்வது பாடத்தின் ஆரம்பம் மட்டும்தான்.

அந்த எலும்புகள் எங்கிருந்து வந்தன என்பது கொஞ்சம் கனமான விஷயம். ஒரு காலத்தில் உலகத்தின் பல மருத்துவக் கல்லூரிகளுக்கு எலும்புக்கூடுகள் போனது இந்தியாவில் இருந்துதான். கொல்கத்தா அந்த வியாபாரத்தின் மையம். அந்த உடல்களுக்கு உரியவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. 1985-ல் இந்திய அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. இப்போது பிளாஸ்டிக் மாதிரிகளும் 3டி ஆப்களும் வந்துவிட்டன. அரசு மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் துறையில், உயிரோடு இருக்கும்போதே உடல் தானத்துக்குப் பதிவு செய்யலாம். பல கல்லூரிகளில் மாணவர்கள், தானமாக வந்த உடலை முதல் ஆசிரியராக மதிப்போம் என்று உறுதிமொழி எடுத்த பிறகுதான் வகுப்பு தொடங்குகிறது.

கொந்தகை: 12 கிலோமீட்டரில் ஒரு தேர்வுத்தாள்

இதுவரை தொட்டுப் படித்ததெல்லாம் எதற்கு என்று கேட்டால், மதுரையில் இருந்து ராமேஸ்வரம் ரோட்டில் சிலைமானைத் தாண்டிப் போங்கள். சுமார் 12 கிலோமீட்டரில் கீழடி. அகழாய்வில் கிடைத்த பொருட்களுக்காக 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் அங்கே இருக்கு. கீழடி மக்கள் வாழ்ந்த ஊர் என்றால், பக்கத்தில் உள்ள கொந்தகை அவர்களின் இடுகாடாக இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. 2020-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டத் தொடங்கியபோது முதுமக்கள் தாழிகளும் எலும்புக்கூடுகளும் கிடைத்தன. ஒரு குழந்தையின் எலும்புக்கூடும் இருந்தது.

அவர்கள் பெயர் தெரியாது. கேட்டுச் சொல்லவும் ஆள் இல்லை. எலும்பு மட்டும்தான் சாட்சி. முதலாம் ஆண்டு மாணவர் படிக்கும் அதே பாடத்தை வைத்துத்தான் அவர்களைப் படிக்க வேண்டும்.

ஆணா, பெண்ணா? முதலில் இடுப்பெலும்பு. பிரசவத்துக்கு வழிவிட வேண்டும் என்பதால் பெண்ணின் இடுப்பு அகலம், முன்பக்கக் கோணமும் விரிவு. அடுத்து மண்டையோடு. நீங்கள் தொட்டுப் பார்த்த புருவ மேடும் காதுக்குப் பின்னால் உள்ள மேடும் ஆண்களுக்குப் பொதுவாகப் பெரிதாக இருக்கும்.

உயரம் எவ்வளவு? தொடை எலும்பு முழுசாகக் கிடைத்தால் அதன் நீளத்தில் இருந்து கணக்கிடலாம்.

வயது என்ன? சிறுவர்களுக்குப் பல் முளைத்த வரிசையும், எலும்பு முனைகள் இன்னும் ஒட்டாமல் இருப்பதும் சொல்லிவிடும். இளைஞர்களுக்கு என் பழைய நண்பன் காரை எலும்பு. வயிற்றில் இருக்கும்போது முதலில் எலும்பாக மாறத் தொடங்குபவற்றில் ஒன்று அது. ஆனால் அதன் நெஞ்சுப் பக்க முனை முழுசாக ஒட்ட 25 வயதுக்கு மேல் ஆகும். உடம்பில் கடைசியாக வளர்ந்து முடிக்கும் எலும்பு அதுதான். இன்றைக்கும் ஒருவரின் வயதுக்கு ஆவணமே இல்லை என்றால், சிறார் நீதிச் சட்டப்படி கடைசி வழியாக எலும்புப் பரிசோதனை செய்யப்படுகிறது.

2025-ல் இது இன்னும் ஒரு படி மேலே போனது. கொந்தகையில் கிடைத்த, சுமார் 2,500 ஆண்டுகள் பழமையானதாகக் கருதப்படும் இரண்டு ஆண் மண்டையோடுகளை வைத்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வகமும் சேர்ந்து கம்ப்யூட்டரில் முகங்களை உருவாக்கின. மண்டையோட்டின் 3டி வடிவத்தின் மேல் தசை, கொழுப்பு, தோல் என்று அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். எலும்பில் தசை ஒட்டியிருந்த தடமும், எந்த இடத்தில் சதை எவ்வளவு தடிமன் இருக்கும் என்ற அளவும்தான் வழிகாட்டி. முகத்தின் அமைப்பை எலும்பு சொல்லிவிடும். தோல் நிறம், முடி, கண் போன்றவற்றில் மதிப்பீடும் கலந்திருக்கும். அந்தப் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றியபோது, "நம்ம பெரியப்பா மாதிரியே இருக்காரு" என்று பலரும் பேசிக்கொண்டது ஞாபகம் இருக்கலாம். அது போட்டோ இல்லை, எலும்பைப் படித்துப் போட்ட கணக்கு என்பதையும் சேர்த்தே ஞாபகம் வையுங்கள்.

உங்கள் எலும்பில் என்ன எழுதுறீங்க?

எலும்பு செத்த கல் இல்லை. பழையதை அரித்துப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய பத்து வருஷத்தில் மொத்தக் கூடும் புதுசாகிவிடும் என்பார்கள். ஆனால் சேமிப்பு சுமார் 30 வயது வரைதான் ஏறும். அதற்குப் பிறகு மெல்லச் செலவு. அப்பத்தா குளியலறையில் லேசாக வழுக்கி இடுப்பு உடைந்ததற்குக் காரணம், பல வருஷமாகக் கரைந்த அந்த சேமிப்புதான்.

எனவே இருபதுகளில் இருப்பவர்கள் கவனிக்க:

• கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு. பால், தயிர், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் நல்லது.

• கால்சியத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் டி தேவை. மதுரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஏசி ரூமில் இருந்து ஏசி ரூமுக்குப் போனால் அந்த வெயில் உடம்பில் படாது.

• எலும்பு சுமை ஏற ஏறத்தான் உறுதியாகும். நடங்க, ஓடுங்க, படி ஏறுங்க, வெயிட் தூக்குங்க.

• ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டாமல் தலையில் மாட்டுங்க. மற்ற எலும்புகளை ஒட்டவைக்கலாம், மண்டையோட்டுக்குள் இருப்பதை ஒட்டவைக்க முடியாது.

• அடிபட்டால் நீவி விடாதீங்க. நாட்டுக் கட்டுப் போடுவது உங்கள் விருப்பம் என்றாலும் முதலில் எக்ஸ்-ரே எடுங்க. எந்தக் கட்டாக இருந்தாலும், போட்ட பிறகு விரல் மரத்துப்போனாலோ, நீலம் பூத்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. இறுக்கமான கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தி, கையையே இழக்கவைக்கும்.

என் காரை எலும்பு ஒட்டிவிட்டது. ஒட்டிய இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு முடிச்சு இருக்கு. சட்டைக்குள் விரலை விட்டால் தட்டுப்படும். பிற்காலத்தில் யாராவது அதை எடுத்துப் பார்த்தால் தெப்பக்குளம், மழை, பைக் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் ஒருமுறை உடைந்தது, பிறகு ஆறியது, ஆறிய பிறகும் இவன் ரொம்ப நாள் இருந்திருக்கான் என்பது தெரியும். கொந்தகை எலும்புகளும் நமக்கு அப்படித்தான் பேசுகின்றன.

இப்போ போனைக் கீழே வைத்துவிட்டு, கழுத்துக் குழியில் இருந்து தோள் வரை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்க. அதுதான் காரை எலும்பு. ஒன்று முடிந்தது, இன்னும் 205 இருக்கு!